மார்ஜரின் குடும்பம்

டிவியில் ஒன்பது மணிக்குப் போடும் நாடகத்தை எங்கள் நாட்டில் எல்லோரும் எட்டு மணி நாடகம் என்றுதான் சொல்வோம். ஒரு காலத்தில் எட்டு மணிக்குப் போட்டார்கள். நேரத்தை மாற்றியவர்களால் எங்கள் வாயை மாற்ற முடியவில்லை.

அந்த வருடத்து எட்டு மணி நாடகத்தில் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். வலேரியா மாட்டு டாக்டர், செலினா கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். ஆறு வயதில் ஒரு பையன், வெள்ளைச் சோபா. அந்தச் சோபாவில் கடைசிவரை ஒரு கறைகூட விழவில்லை. பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்றும் காட்டவில்லை. அன்பு பெருகினால் இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நிற்பார்கள், பின்னால் பியானோ கேட்கும். முத்தம் கொடுத்தால் நாடு தாங்காது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். நானும் ஜோசில்டாவும் ஒருமுறை அப்படி முட்டிப் பார்த்தோம். என் மூக்குக் கண்ணாடி வளைந்ததுதான் மிச்சம்.

ஜோசில்டா என் மனைவி. நாற்காலிப் பட்டறையில் மரம் இழைக்கிறாள். நாட்டின் வடகிழக்கிலிருந்து தெற்கே இந்த லோண்ட்ரினா நகரத்துக்கு வந்து இத்தனை காலமாகியும், ஊரிலிருந்து வரும் புட்டி நெய் இல்லாமல் அவளுக்கு ரொட்டி இறங்காது. வெண்ணெய்க்குப் பதிலாக டப்பாவில் விற்கும் மார்ஜரினை வீட்டுக்குள் விடமாட்டாள். "அது வண்டிக்குப் போடுற கிரீஸ்" என்பாள்.

எங்கள் மகள் லிவியாவுக்கு ஏழு வயது. என்னை அம்மா என்பாள், ஜோசில்டாவை மைஞ்ஞா என்பாள். ஜோசில்டாவின் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். லிவியாவைப் பெற்றவள் நான். மூக்கும் பிடிவாதமும் என்னுடையவை. ஜோசில்டாவுக்கென்று அந்தப் பிள்ளையிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான், அதை அவள் சொத்தாக வைத்திருந்தாள்.

நாடகம் தொடங்கியபின் கீழ்வீட்டு அம்மாள் டோனா ஜுலெய்டேக்கு எங்கள் மேல் திடீர்ப் பாசம் வந்தது.

"இத்தன வருஷமா மேல இருக்கீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இந்த ரெண்டு பேரையும் பாத்த பிறகுதான் மார்லி, உங்களப் புரிஞ்சுது. என்ன பதவிசு. அசல் மார்ஜரின் குடும்பம்."

மார்ஜரின் விளம்பரத்தில் வருகிறவர்கள் விடியும்போதே சிரித்துக்கொண்டு எழுவார்கள். குறையே இல்லாத குடும்பத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர்.

"அப்ப நாங்க எப்படி இருக்கோம் டோனா ஜுலெய்டே?"

"நீங்க கத்திக்கிறீங்க."

"பாத்திரம் யாரு கழுவறதுன்னு கத்திக்கிறோம்."

"அதான் சொல்றேன். அவங்க கத்திக்கிறதில்ல."

ஜூன் மாதம் செலினா இருமினாள். கைக்குட்டையை வாயில் வைத்து, ஒரே ஒரு தடவை. நாடகத்தில் யாருக்கும் சும்மா இருமல் வராது. டோனா ஜுலெய்டே உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"இவ போயிருவா. போன நாடகத்துலயும் ரெண்டு அம்மாவுல ஒண்ணு படகு கவுந்து போச்சா இல்லியா? ரெண்டு அம்மா இருந்தா ஒண்ணு போயிரும். எழுதறவங்களுக்கு ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியறதில்ல."

பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்த லிவியா தின்பதை நிறுத்தினாள். வயிறு நிறைந்துவிட்டது போலும் என்று கிண்ணத்தை எடுத்து வைத்தேன்.

அதே ஜூனில் ஜோசில்டாவுக்கும் இருமல். எங்களுக்கு ஜூன்தான் குளிர்காலம்; மரத்தூளும் குளிரும் சேர்ந்தால் வருடாவருடம் வருவதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கு அழைக்கப் போன ஜோசில்டாவைக் காட்டி, "நான் இந்த ஆன்ட்டியோட போறேன்" என்று டீச்சரிடம் சொன்னாளாம் லிவியா. வீட்டிலும் அதே பேச்சு. "ஆன்ட்டி, பால் குடு." எங்கள் ஊரில் டீச்சரும் ஆன்ட்டி, பலகாரம் விற்கிறவளும் ஆன்ட்டி, பேருந்தில் சீட்டுக் கொடுக்கிறவளும் ஆன்ட்டி. ஜோசில்டா பாலைச் சுடவைத்து ஆற்றிக் கொடுத்தாள். அன்று பாத்திரத்துக்கு அவள் சண்டை போடவில்லை, எல்லாவற்றையும் தானே கழுவினாள்.

"பள்ளிக்கூடத்துல யாரோ என்னமோ சொல்லிருக்காங்க" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டு. "என்ன நெனச்சு வெக்கப்படறா."

"நான் கேக்கறேன்."

"வேணாம். கேட்டா பதில் வரும்."

அவளுக்குத் தெரியாமல் கேட்கத்தான் செய்தேன். "ஆன்ட்டின்னுதான் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. சொன்னேனே, பிடிவாதம் என்னுடையது.

கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் டிவி பெரிது என்று டோனா ஜுலெய்டே சோளக் கேக்கோடு மேலே வந்துவிட்டார். செலினா வெள்ளைச் சோபாவில் படுத்து, வலேரியாவோடு நெற்றியை முட்டி, கையைத் தொங்கவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று டோனா ஜுலெய்டே நிறைவாக அழுதார். அந்த நேரம் பார்த்து ஜோசில்டா இருமினாள்.

லிவியா திரும்பிப் பார்த்தாள்.

"நீ பயப்படாத ஆன்ட்டி. அம்மாங்கதான் சாவாங்க. ஆன்ட்டிங்க சாகமாட்டாங்க. அவங்க கேக் எடுத்துட்டு வருவாங்க, அவ்ளோதான்."

டோனா ஜுலெய்டே தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"இது மரத்தூள் இருமல்டி" என்றாள் ஜோசில்டா.

"செலினாவும் சும்மா இருமல்னுதான் சொன்னா."

இத்தனை நாளாக அந்தப் பொடிசு தன் மைஞ்ஞாவை ஆன்ட்டியாக்கிக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

விடிகாலை, பெரிய சமையலறை, இரண்டு பிள்ளைகள், ஒரு கணவன். நடுவில், இப்போதுதான் செத்துப்போன செலினா சிரித்துக்கொண்டே ரொட்டியில் மார்ஜரின் தடவினாள்.

லிவியா எழுந்து டிவியிடம் ஓடினாள். "இருமல. பாரு, இருமவே இல்ல."

செலினாவைப் பிழைக்க வைத்தது எது என்று பார்த்தேன். என் கண்ணில் பட்டது அந்தக் கணவன். டோனா ஜுலெய்டேயும் அவனைத்தான் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லிவியா பார்த்தது மார்ஜரினை.

"மைஞ்ஞா, நம்ம வீட்ல அது ஏன் இல்ல?"

சொல் திரும்பி வந்ததை லிவியா கவனிக்கவில்லை. ஜோசில்டா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே வாங்கிரலாம்" என்றாள்.

வழக்கம்போலச் சனிக்கிழமை கடைசிப் பகுதியை மறுபடி போட்டார்கள். செலினா மறுபடி செத்தாள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஜோசில்டா மேசையில் உட்கார்ந்து, வண்டிக்குப் போடுகிற கிரீஸை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். எதிரே கத்தியும் டப்பாவுமாக லிவியா காவல் இருந்தாள்.

"இன்னொரு துண்டு தடவட்டா மைஞ்ஞா?"

"தடவு" என்றாள் ஜோசில்டா.