வீங்கிய கையின் அச்சு

காலைச் சுற்று தொடங்கியதிலிருந்து அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சக்கர நாற்காலிப் பந்தயத்தில் தம்பி போட்டிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் கையுறைகள் அவள் வடிவமைத்தவை. பழைய தோல் கையுறைகளைத் தூக்கிப்போடச் சொன்னவளும் அவள்தான். மாலை இறுதிப் போட்டியில் முதல் மூவருக்குத்தான் அணியில் இடம். தம்பியின் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு சந்தேகம்.

கையுறை சக்கர வளையத்தில் அடிக்கும் சத்தம் சீராகக் கேட்டது. கடைசிச் சுற்றில் தடுமாறியது. முதலில் போய்க்கொண்டிருந்த தம்பி, கடைசி ஆளாகத்தான் இறுதிப் போட்டிக்குத் தேறினான்.

"என்னடா ஆச்சு?"

"விரல் மரத்துப்போச்சு, விஞ்ஞானி. செருப்பு கடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். கையுறையும் கடிக்குது."

"பழகும்போது சொல்லலையே?"

"புதுசாச்சேன்னு கொஞ்ச தூரம்தான் ஓட்டிப் பாத்தேன்."

உருவிப் பார்த்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. அவளுக்குச் சுருக்கென்றது. தூங்கி எழுந்த கையில் அச்செடுத்து, மயிரிழை பிசகாமல் செய்திருந்தாள். பந்தயத்தின் நடுவில் கை எப்படியிருக்கும் என்று யோசிக்கவேயில்லை.

கோச் ஐஸ் பையோடு வந்தார். "கைய நீட்டு. வீக்கம் வடியட்டும்."

அக்கா குறுக்கே வந்தாள். "வடியக் கூடாது சார். இந்த வீக்கம்தான் எனக்கு வேணும்."

"உங்க அக்காவுக்குப் புத்தி பிசகிடுச்சாடா?"

"பொறந்ததுலேருந்தே அப்படித்தான் சார்."

கையுறைகளை வெந்நீரில் இளக்கி, வீங்கிய விரல்களின் மேல் அழுத்திப் பிடித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பிளாஸ்டிக் ஆறி இறுகிய பிறகுதான் ஐஸுக்கு வழிவிட்டாள்.

மாலையில், புறப்படும் கோட்டருகே தம்பி கையை ஆட்டிக் காட்டினான். "தொளதொளன்னு இருக்குக்கா."

"போகப் போகச் சரியாகும்."

"ஆகலைன்னா?"

அவள் கையுறையை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

தொடக்கத்திலேயே பின்தங்கினான். அவளால் பார்க்க முடியவில்லை. தடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, நகத்தைக் கடித்தபடி காதை மட்டும் அங்கே வைத்தாள். மற்றவர்களின் தோல் கையுறைகளுக்கு நடுவே அவனுடைய கெட்டிச் சத்தம் தனியாகத் தெரிந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. இப்போது தடுமாறும், இப்போது தடுமாறும் என்று காத்திருந்தாள். சத்தம் தடுமாறவில்லை, நெருங்கி நெருங்கி விழுந்தது.

கோச் அவள் தோளை உலுக்கினார். "மூணாவதும்மா."

ஓடிப் போனாள். தம்பி மூச்சிரைக்கக் கையை நீட்டினான். "கழட்டிவிடு. கச்சிதமாப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது."

இழுத்துக் கழற்றியவளின் பார்வை விரல்களிலேயே நின்றது. "கட்டைவிரல் பக்கம் சிவந்திருக்கே. அங்க இன்னும் கொஞ்சம்..."

"ஆரம்பிச்சுட்டியா? மொதல்ல தண்ணி குடு."