மாஸ்டர் வந்தா ஜெயிப்போம்

அப்பாவின் தலை சரிந்து அவள் தோளில் விழுந்தபோது கடைசி இடைவேளைக்கான மணி அப்போதுதான் அலறி ஓய்ந்திருந்தது. கீழே பையன்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடி ஓடினார்கள். அவள் அசையவில்லை. எதிரே பலகையில் எரிந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடைப்பந்து பைனலில் தம்பியின் கல்லூரி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது.

"அப்பா," என்றாள்.

தூங்கிவிட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாத்திரை அப்படி, யானைக்குக் கொடுத்தால் யானையும் படுத்துவிடும். அரை இறுதியிலும் இப்படித்தான் கண்ணயர்ந்தார். விசில் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, "யாரு போட்டா, நம்மவனா?" என்று கேட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். இன்றும் அப்படித்தான். திரும்பி முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கழுத்தைத் திருப்பத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தம்பியின் கல்லூரி கூடைப்பந்தில் பேர்போன கல்லூரி, அதாவது தோற்பதில். இந்த வருஷமும் முதல் மூன்று ஆட்டத்தில் செம உதை. நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் புதுச் சட்டைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் குடித்தனம் நடத்தலாம். கோச் அந்த மூட்டையை அப்பாவின் தையல் கடையில் கொண்டுவந்து போட்டார். அப்பா ஒவ்வொருவனையும் நிற்க வைத்து அளவெடுத்து, தோளைக் குறுக்கி, பக்கத் தையலைப் பிடித்துக் கொடுத்தார். தைத்தது உடம்பில் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் அந்த ஆட்டத்துக்குப் போனார். ஜெயித்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கும் போனார், அதிலும் ஜெயித்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அதைப் பத்தொன்பது வயசுப் பையன்களிடம் யார் சொல்வது? "மாஸ்டர் வந்தா ஜெயிப்போம்" என்று முடிவாகிவிட்டது. எந்த அரங்கமானாலும் அவருக்கு மேல்வரிசை, இடது மூலை. ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது.

ஆட்டம் என்னவோ அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "ஓட்டைக் கூடையில எதுக்குடா திரும்பத் திரும்பப் போடறீங்க? எங்கிட்டக் குடு, அடியைத் தைச்சுத் தரேன். ஒரு தடவை போட்டா அங்கேயே நிக்கும்," என்பார். தம்பி தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் எதிராளி தப்பாட்டம் ஆடினால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைக் கோட்டில் நின்று போடும் முன்னால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அந்த மூலையைத்தான் பார்ப்பான். அப்பா கையைத் தூக்கிக் காட்டுவார். அதற்கப்புறம்தான் பந்து கையை விட்டுப் போகும்.

நடுவில் ஒருநாள் வெட்டிக்கொண்டிருந்த துணிமேலேயே அப்பா சாய்ந்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த ஆட்டத்தில் பையன்கள் தோற்றார்கள். யாருக்காவது மிச்சமிருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அம்மா பெருமூச்சு விட்டாள். டாக்டரோ, இன்னொரு தடவை வந்தால் தாங்காது, கூட்டம், சத்தம், படபடப்பு எதுவும் ஆகாது என்று சொல்லியனுப்பினார். அப்படியும் அம்மாவுக்குத் தெரியாமல் அரை இறுதிக்குப் போய்விட்டு வந்தார். இன்று சலவைக்கூடத்துக்கு ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதுகூட அம்மா செருப்பை மாட்டியபடி சொன்னாள்: "அவர் வாசப்படி தாண்டக் கூடாது. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அம்மா தெருமுனை திரும்பியதும் கல்லூரி பஸ் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை, வீட்டையே பார்த்துக்கொண்டு. தம்பி மட்டும் எங்கோ பார்த்தான். அப்பா எப்போதோ சட்டை மாற்றித் தயாராக இருந்தார். "பைனல்மா. இதோட சரி. அப்புறம் நீங்க சொன்னபடி மூலையில கிடக்கறேன்," என்றார். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

இப்போது மறுபடி மணி அலறியது. கடைசிப் பகுதி தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கும் அப்பா விழிக்கவில்லை.

கத்தலாம். கத்தினால் ஆட்டம் நிற்கும், எல்லோரும் திரும்புவார்கள், அவர் கண்ணைத் திறந்து "என்னம்மா?" என்பார். தம்பியின் பைனல் குட்டிச்சுவராகும். வீட்டில் அம்மா உரித்து எடுத்துவிடுவாள். அவ்வளவும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் கத்தி, எல்லோரும் ஓடிவந்து, அப்பவும் அப்பா கண்ணைத் திறக்காவிட்டால்? கத்தாத வரைக்கும் அவர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நினைப்பை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் டிரைவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, மாஸ்டர் தூங்கறாரா?"

"ஆமாண்ணே. மாத்திரை."

"தூங்கட்டும், தூங்கட்டும். எடத்தை விட்டு மட்டும் எழுப்பிடாத தாயி." சிரித்துக்கொண்டே இறங்கி வாசல்பக்கம் போய்விட்டார்.

அவரும் பார்த்தாரே, அவருக்கே ஒன்றும் தோன்றவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கையை மெல்ல நகர்த்தி அப்பாவின் விரல்களைத் தொட்டாள். சில்லென்றிருந்தன. அரங்கத்தில் மின்விசிறி வேகமாக ஓடுகிறது, தன் விரலும் சில்லென்றுதானே இருக்கிறது என்று நினைத்தாள்.

நான்கு புள்ளி மூன்றாகி, மூன்று ஒன்றாகியது. கீழே ஒரே கூச்சல். தம்பி பந்தோடு பாய்ந்தபோது எதிரணிக்காரன் ஒருவன் அவனைத் தள்ளிவிட்டான். விசில். ஆட்டம் முடிய இரண்டே நொடி. இரண்டு ஃப்ரீ த்ரோ. அரங்கமே அடங்கிப்போயிற்று. தம்பி கோட்டில் வந்து நின்று, முகத்தைச் சட்டையில் துடைத்து, நிமிர்ந்து மூலையைப் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் பார்வை நகரவில்லை. காத்துக்கொண்டிருந்தான்.

அவள் யோசிக்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்து மேலே தூக்கினாள்.

தூக்கிய அந்த நொடியிலேயே தெரிந்துபோயிற்று. தூங்குகிறவர் கை இப்படிக் கனக்காது. தூங்குகிற கையில் எங்கோ ஓர் ஓரத்தில் அந்த ஆளும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருப்பார். இதில் யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கையை விட்டால் விழும், விழுந்தால் அவன் பார்ப்பான் என்று விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

முதல் பந்து விழுந்தது. இரண்டாவது வளையத்தில் சுற்றிச் சுற்றி விழுந்தது.

மணி அலறியதும் அவள் கத்தினாள். மூச்சு இருந்தவரை கத்தினாள். ஆனால் அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த பெண் திரும்பி, "ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்கப்பா, எங்கப்பா" என்றாள் அவள். "தெரியும்மா, அவரோட ராசிதான்!" என்று அந்தப் பெண் அப்பாவின் முழங்காலையும் தட்டிவிட்டுக் குதித்தாள். யாரைப் பிடித்து உலுக்கினாலும் அவரும் பதிலுக்குச் சந்தோஷமாக உலுக்கினார். கடைசியில் படியேறி வந்த டிரைவர்தான் அவள் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன உடனே சொல்லிவிட்டார்கள், வரும்போதே உயிர் இல்லை என்று. அம்மாவிடம் டிரைவர் போனில் பேசினார். "கொஞ்சம் முடியலை, சேத்திருக்கு, வாங்க" என்று மட்டும் சொன்னதாக வந்து சொன்னார். மீதியை அவரால் சொல்ல முடியவில்லையாம்.

தம்பி ஆட்டச் சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வியர்வை காய்ந்து கழுத்தில் உப்புப் பூத்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பையன்கள் கும்பலாக நின்றார்கள். உள்ளே வந்து போன ஒவ்வொருவனும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான்: "ஜெயிச்சதைப் பாத்துட்டுத்தான் போனாருக்கா." அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தம்பியும் ஆட்டினான்.

சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்து எதிரே நின்றார். "நீங்கதானே கூட இருந்தீங்க? எப்பலேர்ந்து பேச்சு மூச்சு இல்லை?"

ஆட்டம் முடிந்தபோது என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அவளுக்காக எடுத்து வைத்திருந்த பதில் அது. ஆனால் அவர் உள்ளே போய் அப்பாவின் உடம்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால்? கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று தம்பி எதிரிலேயே சொல்லிவிட்டால்? முழங்காலை முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"கடைசி இடைவேளைலேர்ந்து," என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. "மணி எத்தனை இருக்கும்?"

"ஆறரை சார்," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி. டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் பயந்ததை அவர் சொல்லவுமில்லை, இல்லையென்று சொல்லவுமில்லை.

தம்பி தரையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு அவள் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தான். அவள் அதை இழுத்துத் தன் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பாத்தேனே," என்றான். "தூக்கினாரே."

அவள் வாயைத் திறந்தாள்.

"சரி," என்றான். இன்னொரு தடவையும் "சரி" என்றான்.

"எனக்கு பயமா இருக்குடா. அம்மா வருவாங்க. என்னன்னு சொல்லுவேன்? கத்தியிருக்கணும்டா. அப்பவே கத்தியிருக்கணும்."

"அவரை வர வேணாம்னு நான் சொல்லியிருக்கணும்," என்றான். "பஸ்ஸுல உக்காந்துட்டு அந்தப் பக்கம் பாத்தேன். வந்தாத்தான் ஜெயிப்போம்னு."

வாசலில் கும்பலாக நின்ற பையன்கள் திடீரென்று இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். அம்மா வேகமாக வந்தாள். ஒரு கையில் அப்பாவின் மாற்றுத்துணி வைத்த பை, இன்னொரு கையிடுக்கில் தலையணை. வழிவிட்டவர்கள் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவும் அதைக் கவனிக்கவில்லை.

"எந்த ரூம்? கண்ணு முழிச்சாரா? உங்க ரெண்டு பேரையும் அப்புறம் வச்சுக்கறேன், இரு. இங்க குடுக்கற தலையணை பாறாங்கல்லு மாதிரி இருக்கும். போன தடவையே கழுத்துப் பிடிச்சுக்கிச்சு மனுஷனுக்கு."

பெஞ்சிலிருந்து அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தம்பிதான் எழுந்து போனான். அம்மாவின் கையிலிருந்து தலையணையை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். உறை புதிதாக மாற்றியிருந்தது.

"ஏண்டா நிக்கற?" என்றாள் அம்மா. "போய் அவர் தலைக்கு வை."