ஒரு கைக்குள் அடங்க வேண்டும்

என் தங்கையின் கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட நான் கேமராவைப் பார்க்கவில்லை. மடியில் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ரத்தப் பையை எந்த மருத்துவமனைக்கு முதலில் அனுப்புவது என்று ரத்த வங்கிக்குச் சொல்லும் புரோகிராம், அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது. எழுதியவள் நான். என்னைத் தவிர யாருக்கும் அது புரியாது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை, மறைப்பானேன்.

இப்போது அவளுக்கு முதல் பிரசவம். அம்மா இல்லாத வீடு. "இந்தத் தடவையாவது முழுசா வருவியாக்கா?" என்றாள். அந்த ‘முழுசா’ சுருக்கென்று தைத்தது.

லீவு கேட்டதும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தாராளமா போங்க. ஆனா நீங்க இல்லாதப்ப அதைத் தொட இன்னொரு ஆள் வேணும்" என்று ஓர் அறிக்கையைக் காட்டினார். புரோகிராமின் ஒரு பகுதிக்குள் எத்தனை ‘இப்படி இருந்தால்’ நிபந்தனைகள் இருக்கின்றன, எத்தனை ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன என்று எண்ணி எண் போடும் கருவி ஒன்றை வாங்கியிருந்தார்கள். எனக்கு அறுபத்தெட்டு.

"பரவாயில்லையே, முதல் வகுப்பு" என்றேன்.

"இது மார்க் இல்லம்மா, காய்ச்சல் மாதிரி. எறங்கினாத்தான் நல்லது. பதினஞ்சத் தாண்டக் கூடாது."

துணைக்கு அவர் தந்தது பக்கத்து மேசைக்காரனை. அவனுக்குப் பட்டப்பெயர் ‘கேள்வி’. மணி என்ன என்று கேட்டால் எந்தக் கடிகாரத்தில் என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேள்வி ஒரு கையை மௌஸில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தான். ஒரு ‘இருந்தால்’ உள்ளே நுழையும்போதெல்லாம் மறு கையில் ஒரு விரலை மடக்கினான்; வெளியே வந்தால் நிமிர்த்தினான். அரைப் பக்கத்தில் கை முழுக்க மூடிவிட்டது.

"அக்கா, உங்க விரல் ரெண்டு குடுங்க."

கொடுத்தேன். அதையும் மடக்கிவிட்டு, "இப்ப நாம எங்க இருக்கோம்?" என்றான். எனக்கே தெரியவில்லை. நான் எழுதியதாம், எனக்கே தெரியவில்லை!

அடுத்த கேள்வி: "நாலாம் பெட்டின்னா என்ன?"

அது ஒரு குளிர்பெட்டி. குளிர் சற்றுக் குறையும் என்பதால் அதற்கென்றே ஒரு டஜன் நிபந்தனை போட்டிருந்தேன். பயத்தில் பிறகு தொடவேயில்லை. கேள்வி ரத்த வங்கியின் கிடங்குக்காரம்மாவுக்குப் போன் போட்டான்.

"அதத் தூக்கிப் போட்டு ஆறு வருசமாச்சே. அந்த எடத்துலதான் என் குடைய வெக்கிறேன்" என்றார்.

ஆறு வருடமாக என் புரோகிராம் ஒரு குடைக்குக் காவல் இருந்திருக்கிறது. அந்த வரிகளை அழித்ததும் எண் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. மீதியைப் பிரித்துப் போட்டோம். தேதி முடிந்த பையா, முதல் வரியிலேயே வெளியே. ரத்த வகை பார்ப்பது தனி, தூரம் பார்ப்பது தனி. பெயரைப் படித்தாலே வேலை தெரியும். போன வருடத்துக் கோரிக்கைகள் அத்தனையையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றே ஒன்றில் மட்டும் விடை மாறியது, அதையும் சரிசெய்தோம்.

இரண்டு வாரத்தில் எண் ஒன்பது. கேள்வி மறுபடி படித்தபோது அவனுக்கு மூன்று விரலே போதுமானதாக இருந்தது. ‘இவ்வளவுதானா நான்?’ என்று ஒரு நிமிடம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

பத்து நாள் கழித்து, பிரசவ வார்டில் தங்கையின் கட்டிலருகே இருந்தபோது போன் அடித்தது. கேள்வி. தங்கை என்னையே பார்த்தாள்.

"புதுசா ஒரு ஆஸ்பத்திரி சேந்திருக்குக்கா. அவங்களுக்குக் குழந்தைங்களுக்கான சின்னப் பை மட்டும்தான் போகணுமாம்."

"ஐயோ, நான் லேப்டாப் எடுத்துட்டு வரலையே."

"எதுக்கு? காலையிலேயே சேத்து, சோதிச்சு, ஓடிட்டிருக்கு. ரெண்டு விரல்தான் மடங்குச்சு."

"அப்புறம் எதுக்குடா போன் பண்ணே?"

"ஒரு கேள்வி. பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்றேன். "என் விரல ஒண்ணு பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறா. வெக்கிறேன்."