நாலு செகண்ட் பியானோ

"பாட்டு ஒண்ணுதான்மா. நாலு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது," என்றார் தகன மண்டபத்து ஆள், ஸ்பீக்கர் வயரை அவள் போனில் செருகிக்கொண்டே.

அவள் 'ஏழாவது மாடி'யைத் தேடி எடுத்தாள். பின்னால் நின்ற அப்பா எட்டிப் பார்த்துவிட்டார்.

"அந்த ராப் கத்தலா? இங்க வேணாம்மா. இன்னைக்காவது அவன் நிம்மதியாத் தூங்கட்டும்."

அவள் விரல் அப்படியே நின்றது. அண்ணனின் சலூனில் வேலை பார்த்த இருவரும் கடைசி வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாட்டு வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சலூனில் முடிவெட்டிக்கொண்ட யாரும் வாக்குவாதம் பண்ணாமல் வெளியே வந்ததில்லை. கண்ணாடியின் ஓரத்தில், அந்தப் பாட்டைப் பாடிய ராப்பரின் சிறந்த பத்துப் பாட்டுகளை அண்ணன் மார்க்கரால் எழுதி வைத்திருப்பான். முதலிடம் 'ஏழாவது மாடி'. இவள் போகும்போதெல்லாம் அதை அழித்துவிட்டு 'அடைமழை' என்று எழுதுவாள்.

"அடைமழைல என்ன இருக்கு? எவனோ ஊதின ட்ரம்பெட்டை அலுங்காமத் தூக்கி வச்சிருக்காரு. ஏழாவது மாடில பாரு வாலு, ஒரு பழைய பாட்டுல யாருமே கவனிக்காத நாலு செகண்ட் பியானோவை வெட்டி எடுத்திருக்காரு. அதைக் கண்டுபிடிக்க ஒரு காது வேணும்," என்பான், கத்தரிக்கோலை அவள் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு.

"உன் காதுல முடிதான் இருக்கு," என்பாள் இவள்.

பதினைந்து வருஷமாக இதே கதை. இருவரும் இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை.

முந்தாநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 'அடைமழை' கேட்டார்கள். முடிந்ததும் அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"நீ சொன்னதுதான் சரி வாலு. இதுதான் முதல் பாட்டு."

இனி நாள் இல்லை என்று டாக்டர் சொன்னபோதுகூட அவள் நம்பவில்லை. அவன் விட்டுக்கொடுத்ததும் நம்பிவிட்டாள்.

"சும்மா இரு. ஏழாவது மாடிதான். நான் அதைத்தான் போடுவேன்." எங்கே என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"அப்பா விடமாட்டாரு," என்று சிரித்தான். மறுநாள் காலையில் போய்விட்டான்.

"என்னம்மா, போடலாமா?" என்றார் மண்டபத்து ஆள்.

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மகனைப் பறிகொடுத்த மனுஷன் ஒரு பக்கம். அவள் வேறொரு பாட்டை எடுத்து அழுத்தினாள்.

ஐம்பது வருஷப் பழசு. ஒரு பெண் நிதானமாகப் பாடினாள். "இது நல்லாருக்கு," என்றார் அப்பா. கடைசி வரிசையில் இரண்டு முகங்களும் வாடிப்போயின.

இரண்டாம் சரணம் முடிந்து பாடகி நிறுத்திய இடத்தில், பியானோ மட்டும் தனியாக நாலு செகண்ட் ஒலித்தது. சலூன்காரர்கள் இருவரும் சட்டென்று நிமிர்ந்தார்கள். தலை தானாக ஆடியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன முணுமுணுக்குறாங்க?"

"அண்ணனோட பாட்டைத்தான்பா. அந்த ராப்பர் இந்தப் பியானோவைத்தான் எடுத்தாரு. இதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அது மேலதான் பாடுவாரு."

"இதையா? வீட்டுல அத்தனை வருஷம் அலறுச்சே. எனக்கு இது கேட்டதே இல்லையே."

"நீங்க கதவைச் சாத்திடுவீங்கப்பா."

குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா பாட்டு முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்து ஆள் வயரைக் கழற்ற வந்தார்.

"தம்பி, இன்னும் ஒரு நாலு நிமிஷம்," என்றார் அப்பா. "எம்பையன் பாட்டு ஒண்ணு இருக்கு."

அந்த ஆள் வாசலில் காத்திருந்த அடுத்த வண்டியைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டார்.

'ஏழாவது மாடி' மண்டபத்தை அதிரவைத்தது. அப்பா ஒரு கையை மகனின் பெட்டிமேல் வைத்து, மறு கையைக் காதோடு குவித்து, ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பியானோ எங்கேம்மா?"

"அடியில ஓடுதுப்பா. நல்லாக் கேளுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, பெட்டிமேல் இருந்த கையின் ஒரு விரல், தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கித் தட்டத் தொடங்கியது.