மீட்டரில் ஏறாத முப்பது மணி

எழுபத்திரண்டாம் வருடம், ஆடிக் கிருத்திகை. கே.ஜி.கண்டிகைக்கு வெளியே கஜபதியின் மஞ்சள் நிறச் சின்ன விமானம் தூறலில் நனைந்து நின்றது. பின் இருக்கையில் இரண்டு கூடை சாமந்தி. கஜபதி டைபாய்டில் கிடந்தபோது அவன் மனைவி வரலட்சுமி வேண்டிக்கொண்டாள்: பிழைத்து எழுந்தால், விமானத்திலிருந்து மலைக்கோயில் மேல் பூச்சொரிவதாக.

கஜபதிக்குப் பொதட்டூர்பேட்டையில் நாற்பது விசைத்தறி. தறி பழுதானால் மெக்கானிக் வருவான், கூலி வாங்குவான். விமானத்தைப் பார்த்துக்கொண்ட தானியேல் மேஸ்திரியின் ஏற்பாடு வேறு. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று கொடுத்துவிட வேண்டும். எண்ணெய், உதிரிப் பாகம், பழுது எல்லாம் அவர் பொறுப்பு.

நன்றாக ஓடுவதற்கு எதற்குக் கூலி என்று கஜபதிக்கு உறுத்தியது. விடியற்காலைகளில், பறந்த மணியைக் கணக்கிடும் மீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பறந்தான். ஏரிகளில் வானம் கிடக்கும். எது மேல், எது கீழ் என்று தெரியாமல் மிதப்பான். என்ஜின் சத்தம்கூட யாரோ தூரத்தில் நெய்வது போலக் கேட்கும். இறங்கியதும் கனவு கண்டது போலிருக்கும். கனவுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

வரலட்சுமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"மேகத்துக்குள்ள போனா நனைஞ்சிடுவோமா, மேஸ்திரி?"

"தைரியமா ஏறுங்கம்மா. மீட்டர்ல எம்பது மணிதான் ஆவுது. நூறுலதான் சிலிண்டரைப் பாக்கணும்."

கஜபதி அவள் கை வளையல்களைப் பார்த்தான்.

"வரலு, இறங்கு. மேஸ்திரி, நூத்திப்பத்து ஆயிடுச்சு. முப்பது மணி ஒயரைக் கழட்டிட்டு ஓட்டிகினு இருந்தேன்."

தானியேல் விமானத்தின் மூக்குப் பக்கம் போய் விசிறியைக் கையால் சுற்றினார். மூன்று முறை கனத்துத் தடுத்தது. நாலாவது முறை தடையே இல்லாமல் சுழன்றது.

"நாலு சிலிண்டரும் தடுக்கணும். ஒண்ணு போச்சு. மலைக்கு மேல அம்மாவோட போயிருப்பீங்க. அப்புறம் கர்த்தர் விட்ட வழி."

"இன்னிக்கே புதுசு கெடைக்குமா?"

"ஷெட்லயே கீது. நீங்க குடுத்த மணிக்காசுல ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி வச்சிட்டேன். ஒடைஞ்சப்புறம் தேடினா வண்டி நிக்கும். நின்னா எனக்கும் சோறு இல்ல. நீங்க பறந்துகினே இருக்கணும்னு ஜெபம் பண்றவன் நான், மொதலாளி. என்கிட்டயே ஒளிக்கிறீங்க."

"தறி மெக்கானிக் ஞாபகத்துல..."

"அவன் தறி ஒடையணும்னு வேண்டிப்பான்."

"ஆங், அதான் நம்ம வீட்ல பத்து தறி எப்பவும் நின்னுகினு இருக்குது" என்றாள் வரலட்சுமி.

"அந்த முப்பது மணிக்கும் சேத்து..." என்று கஜபதி ஆரம்பித்தான்.

"மொதல்ல அந்த ஸ்பேனரை எடுங்க."

மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தது. கஜபதி தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தான். பிறகுதான் தானியேல் வரலட்சுமியை ஏறவிட்டார்.

மலைப்படிகளில் புஷ்பக் காவடிகள் மஞ்சள் கோடாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் கூடையைக் கவிழ்த்தாள். பூக்கள் ஒரு கணம் அவர்கள் கூடவே பறந்து வந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கோபுரத்தை நோக்கி இறங்கின.

"இன்னொரு சுத்து?" என்று அவன் காதருகே கத்தினாள்.

கஜபதி மீட்டரைப் பார்த்தான். எண் நகர்ந்துகொண்டிருந்தது. விமானத்தை மறுபடி மலைப் பக்கம் திருப்பினான்.