மூன்றாவது பொத்தான்

வெளிவராத இயங்குதளத்தைச் சொந்தக் கணினியில் ஏற்றாதீர்கள் என்ற எச்சரிக்கையை எழுதியவன் நான். ஏற்றியவனும் நானே. உபதேசம் ஊருக்குத்தான்.

மனைவி இறந்தபிறகு, வீட்டிலிருந்தே சோதித்தால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

புதுப் பதிப்பைப் பற்றி முதல் அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். எழுதினேன்: "திறக்கும்போது எருமை கொட்டாவி விடுவதுபோல் ஓர் ஓசை. ஜன்னல்களின் மூலைகள் தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கின்றன. அச்சுப்பொறியைக் கண்டால் சண்டைபோட்ட பங்காளியைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது."

நுழைவுத் திரையில் இரண்டு கணக்குகள். என்னுடையதில் படம் இல்லை. அவளுடையதில் இருப்பது நான்தான்: சோபாவில் வாயைப் பிளந்து தூங்குகிறேன். கல்யாணமான புதிதில் எடுத்து வைத்தாள்.

"தினமும் உன் மூஞ்சியில முழிக்கணும்னு என் தலையெழுத்து. சிரிச்சுக்கிட்டாவது முழிக்கிறேன்" என்பாள்.

அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது. காலையில் அந்தப் படம் தெரியும். அது போதும்.

அறிக்கையை முடிக்கும் முன் திரை கேட்டது: "இந்தப் பயனர் நீண்ட நாளாக வரவில்லை. கணக்கை அழிக்கலாமா?" கீழே இரண்டே பொத்தான்கள். 'இப்போதே', 'பிறகு'.

பிறகு என்றேன். மதியம் மறுபடி கேட்டது. பிறகு. மாலையில் கேட்டபோது அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் தானே அழித்துவிடப்போவதாகவும் சொன்னது.

மச்சினனுக்கு போன் செய்தேன். அவளுடைய தம்பி. எங்கள் நிறுவனத்தில்தான் நிரல் எழுதுகிறான்.

"வராதவங்க கணக்கை அழிக்கிற வேலைய எந்த மடையன்டா எழுதினான்?"

"அதுவா? நான்தான் மாமா. டிஸ்க்குல எவ்வளவு எடம் மிச்சமாகும் தெரியுமா? சூப்பரா இருக்கா?"

"உங்க அக்கா கணக்கைக் கேக்குதுடா."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"எதையும் தொடாதீங்க. வர்றேன்."

வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நாலைந்து விசைகளைச் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் என்னவோ தட்டினான். கேள்வி மறைந்தது. நுழைவுத் திரை வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா இந்தப் படத்தையா வெச்சிருந்தா? வாய்க்குள்ள ஈ குடும்பத்தோட போய்ட்டு வரலாம் போலிருக்கே மாமா."

ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தது. சிரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

"வேண்டாம்னு சொல்ல ஒரு பட்டன் வைக்கத் தோணலையாடா உனக்கு?"

"இவ்வளவு நாளா வராதவங்க இனிமே எங்க மாமா வரப்போறாங்கன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"வர வேணாம்டா. இருந்தாப் போதும்."

அடுத்த பதிப்பு வந்தது. அதே எருமை, அதே சோப்பு. அதே கேள்வியும். ஆனால் கீழே மூன்றாவதாக ஒரு பொத்தான்: 'இருக்கட்டும்'.

அழுத்தினேன். அதன்பிறகு கேட்கவில்லை.

அச்சுப்பொறியோடுதான் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.