இறக்கத்துக்கு எத்தனை சக்கரம்

சரிவை நனைக்க ஐந்து நிமிடம் போதும். வாடிக்கையாளர்கள் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காக, நான் வேலை பார்க்கும் வண்டிக்கடையின் பின்புறம் முதலாளி கொட்டி வைத்திருக்கும் செம்மண் மேடு அது. ஒரு பக்கம் ஏறுவதற்குச் சரளைப் பாதை, மறுபக்கம் மண்சரிவு. ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டால் மழை ஓய்ந்த மலைப்பாதை மாதிரி ஆகிவிடும். அன்று காலை நான் பன்னிரண்டு நிமிடம் திறந்து வைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஏழாவது நிமிடத்தில் மூடிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. மூடவில்லை.

முந்தின நாள் மாலை மலைமேல் இருக்கும் பழத்தோட்டத்திலிருந்து போன் வந்திருந்தது. சூப்பர்வைசர் பேசினார். இரண்டு ஏ.டி.வி. வேண்டும், காலையில் நேரில் வருகிறேன் என்றார். தடித்த நான்கு டயர்களும் பைக் மாதிரி ஹேண்டிலும் உள்ள தோட்ட வண்டி அது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அந்த மனிதருக்கு 'விசில்' என்று பெயர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாராம், விசிலடித்துத்தான் கூப்பிடுவாராம்.

அண்ணன் அங்கே இரண்டு வருடம் டிரைவராக இருந்தான். மூன்று வருடம் முன்பு, மழைக்காலத்தில், பூச்சிமருந்து டேங்க்கைப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் சுழன்று அவன்மேல் கவிழ்ந்தது. அதற்குமுன் இரண்டு தடவை நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கேட்டிருக்கிறான். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று விசில் எழுதிய தாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவனும் கையெழுத்துப் போட்டான். வலது முழங்கால் இப்போது மடங்காது. பஸ்ஸில் காலை நீட்டித்தான் உட்காரவேண்டும். அதில் தடுக்குகிறவர்களிடமெல்லாம் இவன்தான் மன்னிப்புக் கேட்கிறான்.

வாரத்தில் இரண்டு மாலை நான் வண்டி மெக்கானிசம் வகுப்புக்குப் போகிறேன். நான்காவது வாரம் ஆசிரியர் பலகையில் ஒரு சரிவை வரைந்தார். இறங்கும்போது எஞ்சினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பின்னால் ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியில் அந்தப் பிடி பின்சக்கரத்துக்கு மட்டும்தான். எடையோ முன்னால் போய்விடும், ஆகவே லேசாகிவிட்ட பின்சக்கரம் வழுக்கும். நாலு சக்கரத்தில் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு வந்து அண்ணனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"நான் பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே தொட்டிருக்கணும்டி" என்றான்.

மூன்று வருடமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். விசிலை நான் வெறுமனே வெறுத்தது அன்றோடு முடிந்தது. அதன்பின் திட்டம் போட்டு வெறுத்தேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். முன்னால் சூப்பர்வைசர், கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஷூ. பின்னால் மீசை நரைத்த டிரைவர், கால்மிதியில் காலை நெடுநேரம் துடைத்துவிட்டு வந்தார். நான் படிவத்தை எடுத்து முறைப்படி கேட்டேன்: சரிவு எப்படி, பாரம் எவ்வளவு, யார் ஓட்டுவது. சூப்பர்வைசர் தனக்கு நாலு சக்கரம் போடச் சொன்னார். அவர் போவது ஆபீசிலிருந்து கேட் வரை, சிமெண்ட் ரோடு. டேங்க் ஏற்றும் வண்டிக்கு ரெண்டு சக்கரம் போதும் என்றார். மருந்து கலக்கும் இடம் மேட்டின் உச்சியில் இருக்கிறது என்று டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன்" என்றார் சூப்பர்வைசர். "ஏறுறப்ப காலி டேங்க். இறங்குறப்பதான் பாரம். இறங்குற வண்டிய எதுக்கும்மா நாலு சக்கரம் இழுக்கணும்? பூமியே இழுத்துக்காதா?"

டிரைவர் சிரித்தார். சிரிக்கவேண்டிய இடம் என்று பழகிப்போன சிரிப்பு.

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், பின்னால் சரிவு இருக்கிறது என்றேன். அவர் டிரைவரைப் பார்த்து விசிலடித்தார். டிரைவர் வண்டியை நோக்கி நகர்ந்தார். நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"முடிவு எடுக்கிறது நீங்கதானே சார். நீங்க ஓட்டிப் பாத்தாதான் சரியா இருக்கும்."

டிரைவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டியில் நாற்பது லிட்டர் தண்ணீர் டேங்க்கை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தேன். அவருக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, தாடை வாருக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். இரண்டாவது முறையும் பார்த்தேன். அவர் விழவேண்டும் என்று நினைக்கிறவள் இதை எதற்குச் செய்கிறாள் என்று என் விரல்மேலேயே எரிச்சல் வந்தது.

சரளைப் பாதையில் ராஜா மாதிரி ஏறினார். உச்சியில் வண்டியைத் திருப்பி, முன்சக்கரம் சரிவில் இறங்கி, பின்சக்கரமும் ஈரத்துக்கு வந்ததும் பின்பக்கம் ஒரு முழம் விலகியது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். எஞ்சின் அணைந்தது. டேங்க்கில் தண்ணீர் அலைந்தது. பஸ்ஸிலும் வகுப்பிலும் இந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதிலெல்லாம் அவர் விழுந்துவிடுவார். இவரோ கோணலாக நின்ற வண்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தார், மழைக்கு ஒதுங்க இடம் கிடைக்காதவர் மாதிரி.

இப்போது என்ன செய்யவேண்டும் என்று மேலிருந்து கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பத்து எண்ணினேன். பிறகு சொன்னேன்.

"மூணு வருஷம் முன்னாடி உங்க தோட்டத்துல இதே மாதிரி வண்டில இறங்கினது என் அண்ணன் சார். கவனக்குறைவுன்னு எழுதினீங்க."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். பயம் வந்தாலும் போதும். அவர் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"எந்தப் பையன்மா? முழங்காலா, இடுப்பா?"

டிரைவர் என் பக்கம் திரும்பினார். பின்பு மேலே பார்த்தார். இடுப்பு உடைந்த இன்னொருவனும் இருந்தது அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, விரல்களை மண்ணில் ஊன்றி ஏறினார். சூப்பர்வைசரை வண்டியிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து அடி அடியாகக் கூட்டி வந்தார். பளபளத்த ஷூ வழுக்கியது. பாதிச் சரிவில் டிரைவர் நின்றுவிட்டார்.

"எனக்கும் நாலு போடச் சொல்லுங்க சார்."

"கீழ போய்ப் பேசலாம்யா."

"சொல்லிட்டு இறங்கலாம் சார்."

மிக மரியாதையாகத்தான் சொன்னார். பிடித்த கையை விடவுமில்லை, இறுக்கவுமில்லை. சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "ரெண்டுக்கும் நாலு போடும்மா" என்றார்.

சூப்பர்வைசர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் தேதி எழுதவேண்டிய இடத்தைக் காட்டினேன். வாசலில் டிரைவர் என்னிடம் அண்ணன் இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்று விசாரித்தார். ஒரு கம்பெனியில் ஸ்டூலில் உட்கார்ந்து சுவிட்சுக்குப் பாகம் கோக்கிறான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் ஓட்டிய வண்டி சரிவின் மேலேயே நின்றது. முதலாளி வருவதற்குள் எடுத்தாகவேண்டும். சரளைப் பாதை வழியாக ஏறி, ஸ்டார்ட் செய்து, பின்னால் எடுக்கப் பார்த்தேன். பின்சக்கரம் சேற்றை என் முதுகில் வாரியடித்ததே தவிர நகரவில்லை. முன்பக்கமாக இறக்குவதுதான் வழி. கீழே நின்று பார்த்தபோது அந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்கவில்லை. சீட்டில் பின்தள்ளி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் டேங்க்கில் தண்ணீர் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துகொண்டிருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, பிரேக்கிலிருந்து ஒரு விரலை எடுத்தேன். பிறகு இன்னொன்றை.